ப்ரியான்னா நோய் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த ப்ரியான் கட்டுரைய முழுசா படிச்சேன். ப்ரியான்னா மடிப்பு மாறிப்போயி, அதே வகை மத்த புரதத்தையும் தன்ன மாதிரியே மாத்திடற புரதம். 1986ல பிரிட்டன்ல மாட்டு மூளைய அழிக்கற மேட் கவ் நோய் கண்டுபிடிச்சது, 1996 மார்ச்ல மனுஷங்களுக்கும் அது வந்திருக்கலாம்னு அரசாங்கமே பார்லிமெண்ட்ல சொன்னது, 1982ல அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி ப்ரூசினர் ப்ரியான்னு பேரு வெச்சப்போ பல விஞ்ஞானிங்க ஏத்துக்காம இருந்து கடைசில 1997ல நோபல் கொடுத்தது எல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா ப்ரியான்னாலே மூளைய அழிக்கற புரதம்தான்னு முடிச்சதும், பக்கத்துல பெட்டி கட்டி சூடோஜீன் (அதாவது வேலை செய்யாம செத்துப்போன ஜீன்) எல்லாம் ஜீனோம்ல, அதாவது ஒரு உயிரோட மொத்த டிஎன்ஏல, சும்மா கெடக்கற குப்பைன்னு போட்டதும் எனக்கு ஒத்துக்கவே முடியல. ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி எடுக்கறவ நான், அதனால இத விட்டுட்டுப் போக மனசு வரல. இந்த ரெண்டும் வேற வேற விஷயம் இல்ல, ரெண்டும் ஒண்ணா சேர்ற எடம் ஒண்ணு இருக்கு, அது பேக்கரில பிரெட்டுக்குப் போடற ஈஸ்ட்.

ஈஸ்ட்ல எஸ்யூபி35னு ஒரு புரதம் இருக்கு. புரதம் செய்யற மெஷினான ரைபோசோம், ஜீனோட நகலான எம்ஆர்என்ஏவ படிச்சுக்கிட்டே வந்து ஸ்டாப் கோடான்னு சொல்ற யூஏஏ, யூஏஜி, யூஜிஏ இதுல ஏதாவது ஒண்ணு வந்ததும் நிக்கணும்ல, அத நிக்க வைக்கற வேலைல இதுக்கும் பங்கு இருக்கு, பஸ் ஸ்டாப் வந்ததும் விசில் அடிக்கற கண்டக்டர் மாதிரின்னு வெச்சுக்கங்க. இந்த எஸ்யூபி35ஓட முன்பக்கம் குளுட்டமின், அஸ்பராஜின்ங்கற ரெண்டு அமினோ அமிலமும் மண்டிக் கெடக்கும், அந்தப் பகுதிதான் மடிப்பு மாறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ப்ரியானா ஆயிடுது. அப்படி ஒட்டிக் கட்டியாயிட்டா வேலைக்கு ஆள் கொறஞ்சு போகுது, ரைபோசோம் சில சமயம் ஸ்டாப்ல நிக்காம தாண்டிப் போயிடுது. இந்த நிலைமைக்கு சை ப்ளஸ்னு பேரு. 1965லயே பிரயன் காக்ஸ்ங்கற ஜெனடிக்ஸ் விஞ்ஞானி இத கவனிச்சுட்டாரு, மெண்டல் விதிக்கு அடங்காம அடுத்த தலைமுறைக்குப் போகுதேன்னு யாருக்கும் காரணம் புரியல, 1994ல அமெரிக்காவுல என்ஐஎச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த ரீட் விக்னர்தான் இது டிஎன்ஏ சமாச்சாரம் இல்ல, புரதமே ப்ரியானா மாறி தாய் செல்லுலருந்து மகள் செல்லுக்குப் போகுதுன்னு விளக்கம் கொடுத்தாரு.

இத கண்ணாலயே பாக்கலாங்க. அடினின் தயாரிக்கற பாதைல ஒரு ஜீனுக்கு நடுவுல தப்பா ஒரு யூஜிஏ விழுந்த ஈஸ்ட் வகை ஒண்ண லேப்ல வெச்சிருக்காங்க. அந்த ஜீன் செத்த ஜீன்தான், பாதி வழியிலயே நின்னுடும், அதனால ஒரு செவப்புப் பொருள் செல்லுக்குள்ள சேந்துபோய் தட்டுல காலனியெல்லாம் செவப்பா வரும். அதே ஈஸ்ட்ல எஸ்யூபி35 ப்ரியானா மாறிட்டா ரைபோசோம் அந்த யூஜிஏவ தாண்டிப் போய் முழுப் புரதத்தையும் கொஞ்சமாவது செஞ்சுடும், காலனி வெள்ளையாவோ வெளிர் ரோஸாவோ வரும். குவானிடின்னு ஒரு கெமிக்கல கொஞ்சூண்டு கலந்த மீடியத்துல வளத்தா ப்ரியான் போயிடும், திரும்பவும் செவப்பு. டிஎன்ஏல ஒரு எழுத்து கூட மாறல, செத்த ஜீன் உயிரோட வருது, திரும்பப் போகுது! இத க்ளாஸ்ல சொன்னா பசங்க கேள்வி மேல கேள்வி கேக்கறாங்க, ஏன்னா மூணு ஸ்டாப் கோடானும் அவங்களுக்கு ஏற்கனவே மனப்பாடம்.

இப்போ சூடோஜீனுக்கு வர்றேன். லேப்ல உண்டாக்கின ஒரு செத்த ஜீன் இப்படி எழுந்திரிக்குதுன்னா, ஈஸ்டோட ஜீனோம்லயே இயற்கையா செத்துக் கெடக்கற ஜீன் எத்தன, அதுல எத்தனய ப்ரியானால எழுப்ப முடியும்னு கேக்கத் தோணும்ல. அந்தக் கேள்விய எடுத்துக்கிட்டவர் பால் ஹாரிசன், அப்போ யேல்ல மார்க் கெர்ஸ்டைனோட இருந்தாரு, அப்புறம் மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போயி ப்ரியான், சூடோஜீன், ஜீனோம் எப்படிப் பரிணமிக்குதுங்கற இந்த மூணையும் விடாம ஆராய்ச்சி செஞ்சவரு. 1996ல வெளியான ஈஸ்ட் ஜீனோம் முழுசையும் கம்ப்யூட்டர்ல அலசி 2002ல அவங்க குழு சொன்ன கணக்கு: நடுவுல ஸ்டாப் விழுந்தோ, எழுத்து கூடிக் கொறஞ்சு படிக்கற வரிசை நகந்தோ முடங்கிப்போன ஜீன் அதிகபட்சம் 221, மொத்த புரதக் கூட்டத்துல 3 சதவீதத்துக்கும் கீழ. நம்பகமா இனம் கண்ட 98ல 90 சதவீதத்துக்கு ரெண்டு அல்லது அதுக்கு மேல அடி விழுந்திருக்கு, அதுங்கள சை ப்ளஸ் சுலபமா எழுப்ப முடியாது. ஒரே ஒரு ஸ்டாப்பால மட்டும் முடங்கினதும், நடுவுல ஒரு ஸ்டாப்ப தாண்டினா ரெண்டு ஜீன் ஒண்ணா சேரக்கூடியதும் கூட்டினா 35தான் தேறுச்சு.

இந்த 35ங்கற கணக்குதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எல்லாமே குப்பைன்னும் சொல்லல, எல்லாமே பொக்கிஷம்னும் சொல்லல, எண்ணிப் பாத்து இவ்வளவுதான்னு சொன்னாங்க. அதுலயும் இந்த முடங்கின ஜீன் எல்லாம் குரோமோசோம் முனைலதான் நெருக்கமா கெடக்கு, செல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறதுக்கும், வளர்ச்சிய நிறுத்தறதுக்கும், சூழ்நிலை கெட்டா தாக்குப் புடிக்கறதுக்கும் சம்பந்தப்பட்ட குடும்பங்கதான் அதுல அதிகம். அதாவது ஒரு ஈஸ்ட் வகைக்குத் தேவப்பட்டு இன்னொண்ணுக்குத் தேவப்படாத ஜீனுங்க. ப்ரியான் ஈஸ்டுக்கு உதவலாம்ங்கறதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு, அந்த விக்னரே ஈஸ்டுக்கும் ப்ரியான் ஒரு நோய்தான்னு வாதாடறவரு, அமெரிக்க விஞ்ஞானி சூசன் லிண்ட்குவிஸ்ட் குழு 2000ல சை ப்ளஸ் இருந்தா சில சூழ்நிலைல ஈஸ்ட் நல்லாவே வளருதுன்னு காட்டினதும் இருக்கு. நான் லிண்ட்குவிஸ்ட் பக்கம். ஆனா ரெண்டு கட்சியையும் வாசகருக்கு சொல்லணும்.

மனுஷனோட ப்ரியான் ஜீனுக்கே இதுல பங்கு இருக்குங்க. நம்ம 20ஆவது குரோமோசோம்ல இருக்கற அந்த ஜீன், துத்தநாகத்த செல்லுக்குள்ள கொண்டுபோற ஜிப் குடும்பத்துலருந்து வந்திருக்கணும்னு 2009ல டொராண்டோல ஷ்மிட் உல்ம்ஸ் குழு சொல்லிச்சு, எம்ஆர்என்ஏ திரும்ப டிஎன்ஏவா மாறி வேற எடத்துல போய் ஒட்டிக்கிட்ட நகல்தான் அதுன்னு அடுத்து ஆதாரமும் காட்டினாங்க. மனுஷ ஜீனோம்ல பத்தாயிரத்துக்கும் மேல சூடோஜீன் இருக்கு, அதுல பெரும்பாலும் இப்படி ஒட்டிக்கிட்டு செத்துப்போன நகல்தான். அதே வழில வந்து பொழச்சுக்கிட்ட ஒண்ணுதான் ப்ரியான் ஜீன்னா, பெட்டிச் செய்தில நீங்க குப்பைன்னு ஒதுக்கினதுக்கு அது பக்கத்து வீட்டுச் சொந்தம்.

கூருங்கற ப்ரியான் நோய் பத்தி எழுதினவங்க பப்புவா நியூகினி ஃபோரே மக்கள் இறந்தவங்கள சாப்பிட்டதோட நிறுத்திட்டாங்க. அந்தப் பகுதில மட்டும் ப்ரியான் புரதத்தோட 127ஆவது எடத்துல கிளைசினுக்குப் பதிலா வேலின் இருக்கறவங்க இருக்காங்கன்னு 2009ல லண்டன் குழு வெளியிட்டதும், அந்த வேலின் வகை மட்டும் இருக்கற எலிக்கு கூரு, சிஜேடி (மனுஷனுக்கு வர்ற இன்னொரு ப்ரியான் நோய்) எத செலுத்தினாலும் நோய் வரலன்னு 2015ல காட்டினதும் விட்டுப்போச்சு. ஒரு நோய் கொஞ்ச தலைமுறைக்குள்ள ஜீனோம்ல அடையாளம் விட்டத இதவிடத் தெளிவா எங்க பாக்கறது?

இன்னொரு கட்டுரை போடுங்கன்னு கேட்டுக்கறேன், ஈஸ்ட் பத்தி. அது முடியலன்னா அந்தப் பெட்டிச் செய்திய மட்டுமாவது திருத்திப் போடுங்க, எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு உங்க பத்திரிகை வருது, பசங்க அதப் படிச்சுட்டு அப்படியே எக்ஸாம்ல எழுதிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு பயாலஜி டீச்சர், தஞ்சாவூர்