உங்கள் ஸ்கிரிப்டில் கை வைத்துவிட்டேன், அண்ணா

அண்ணா,

புதன்கிழமை இரவு கடைசி டேட்டாபேஸ் சர்வரையும் மைஎஸ்க்யூஎல் 8.4க்கு மாற்றிவிட்டோம். மூல சர்வரை 'மாஸ்டர்' (எஜமான்), அதை நகலெடுக்கும் சர்வரை 'ஸ்லேவ்' (அடிமை) என்ற பழைய பெயர்கள் அதில் 'சோர்ஸ்', 'ரெப்ளிகா' ஆகிவிட்டன. இனி 'ஸ்டார்ட் ஸ்லேவ்' என்று அடித்தால் அது ஏற்காது, 'ஸ்டார்ட் ரெப்ளிகா'தான். நகல் எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் 'செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்' என்பதும் இப்போது 'செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்' ஆகிவிட்டதால் உங்கள் அலர்ட் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டியிருந்தது. மேலே கமெண்டில் இருக்கும் உங்கள் பெயரைத் தொடவில்லை. என் பெயரை அதற்குக் கீழே போட்டேன்.

இப்படி நகல் சர்வர் வைக்கும் ரெப்ளிகேஷனை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். நடுராத்திரி எத்தனை தடவை போன் செய்தாலும் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அதனால்தான் அந்த மீட்டிங் இன்னும் உறுத்துகிறது. பெயர்களை மாற்றலாம் என்று நான் சொன்னதும், "அமெரிக்காக்காரன் பாவத்துக்கு நாம ஏம்மா ஸ்கிரிப்டை மாத்தணும்? நம்ம ஊர்ல ஏது அடிமை?" என்றீர்கள். சிரித்தார்கள். யார் யார் என்று எழுத மாட்டேன், சிலர் இதைப் படிப்பார்கள்.

அன்று பதில் சொல்லியிருந்தால் என் தெருவையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். என் தாத்தா திருவாரூர்ப் பக்கம் பண்ணையாள். 1843 சட்டத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கோர்ட்டுகளில் அடிமை என்ற உரிமை செல்லாமல் போனது. ஆனால் கீழத்தஞ்சையில் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் அதற்கு நூறு வருஷம் கழித்தும் இருந்தன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பெயரை மாற்றினால் யாருக்குக் கூலி கூடும் என்றும் கேட்டீர்கள். யாருக்கும் கூடாது, சரி. ஆனால் "ஸ்லேவ் செத்துடுச்சு, இன்னொண்ணை எழுப்பு" என்று நைட் ஷிப்டில் கத்தும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் குரல் இறங்கும். உங்களுக்கு இறங்கியதில்லை. பைத்தான் மொழியும் ரெடிஸ் டேட்டாபேஸும் 2018லேயே இந்தப் பெயர்களை மாற்றத் தொடங்கின, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தது வருத்தமாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். சொல்லியிருந்தால் மறுபடியும் சிரித்திருப்பீர்கள். பழைய டீம் குரூப்பில் "நம்ம பொண்ணும் புரட்சி பண்றா" என்று போட்டீர்களாமே. 'நம்ம பொண்ணு' என்றது பிடித்திருந்தது. மற்றது பிடிக்கவில்லை.

உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். அங்கே வைத்து இதைப் பேச வேண்டாம். கல்யாண வேலையெல்லாம் முடிந்ததும் நீங்களே கூப்பிடுங்கள், அண்ணா. இந்தத் தடவை நான் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.