பேட்டரியையும் ஊசி மாதிரி எண்ணுங்கள்: திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிமார்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுவதை வாங்கிப் பிழைப்பவன் நான். சின்னதாக ஒரு வேஸ்ட் குடோன். நீங்கள் அனுப்பும் வெட்டுத்துண்டுகளை எங்கள் பெண்கள் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். அது கிழிக்கும் மிஷினுக்குப் போய்ப் பஞ்சாகி, கழிவுப் பஞ்சையும் நூற்கும் ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்லில் மறுபடி நூலாகும். நிறத்தோடேயே நூலாவதால் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாத ஒன்று போன வருடம் எங்கள் மூட்டையில் வந்தது.

சாம்பிள் ரூமில் கழித்துக் கட்டிய குழந்தைகள் டி-சர்ட், இருபது பீஸ் இருக்கும். நெஞ்சில் இருக்கும் பொம்மையை அமுக்கினால் விளக்கு எரிகிறது. குடோனில் ஒரே சிரிப்பு. பிரிக்க உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பொம்மைக்குப் பின்னால் பிளாஸ்டிக் படலம் வைத்துச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் மெல்லிய ஒயர், பொட்டு பொட்டாக விளக்கு, ஒரு பட்டன் செல். கத்தரி வைத்து நோண்டினால் துணி கிழிகிறது, செல் வரவில்லை. கடைசியில் துணியோடு வட்டமாக வெட்டி எடுத்தோம். பழைய இரும்புக்காரர் வேண்டாம் என்று போய்விட்டார். இன்றைக்கும் அந்தச் செல்கள் ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடக்கின்றன.

கவனிக்காமல் கிழிக்கும் மிஷினுக்குள் போயிருந்தால்? சுற்றிலும் பறக்கும் பஞ்சு. அங்கே ஒரு பொறி போதும். பட்டன் செல் பரவாயில்லை என்றுகூடச் சொல்லலாம். சூடேறும் ஜாக்கெட்டில் வைக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தானே தீப்பிடிக்கலாம். ஒயருக்குப் பதிலாகக் கரண்ட் கடத்தும் வெள்ளி பூசிய நைலான் நூல், எஃகு இழை கலந்த நூல் இன்னொரு தலைவலி. பார்த்தால் சாதாரண சாம்பல் நிற நூல் மாதிரியே இருக்கும், பருத்தியோடு கலந்துவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது.

இப்படி ஆர்டர் இங்கே கொஞ்சம்தானே என்பீர்கள். சாயத்தண்ணீர் விஷயத்திலும் முதலில் அப்படித்தான் சொன்னோம். விவசாயத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையான பிறகுதான் விழித்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. அதே 2011-இல்தான், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அந்திரேயாஸ் கோலரும் இன்னும் இருவரும், இப்படி மின்சாமான் சேர்த்துத் தைக்கும் மின்துணி பெருகினால் கழிவைப் பிரிப்பது பெரும்பாடாகும், வடிவமைக்கும்போதே யோசியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். என் மகள் படித்துச் சொன்னாள்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நம் நாட்டு மின்கழிவு விதிகளில் 106 பொருட்களின் பட்டியல் இருக்கிறது. வேஸ்ட் குடோனை மனதில் வைத்து எழுதிய பட்டியல் இல்லை அது. ஆனால் உங்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையர் பக்கம் தேதி குறித்தாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் பொருட்களில் இருக்கும் சிறு பேட்டரிகளை, சில விலக்குகள் தவிர, வாங்கியவரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஒட்டி மூடிய சட்டையை அப்புறம் யாருக்கு அனுப்புவீர்கள்?

கழற்றும்படி செய்வது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. 2017-இல் லீவைஸும் கூகுளும் சேர்ந்து, கைப்பட்டியைத் தொட்டே போனை இயக்கும் ஒரு ஜாக்கெட் விற்றார்கள். பேட்டரி இருந்தது கைப்பட்டியில் மாட்டிக் கழற்றும் ஒரு சின்னப் பட்டையில். 2023-இல் அதற்கான செயலியை நிறுத்திவிட்டார்கள். பட்டை வீணானது, ஜாக்கெட் ஜாக்கெட்டாகவே நின்றது. தொடுவதை உணர நெய்த நூல் கைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

நம் ஊரில் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. சிமெண்ட் மூட்டை வாயைப் பிரிக்கும்போது பார்த்திருப்பீர்கள், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் சரசரவென்று மொத்தமும் வந்துவிடும். செயின் ஸ்டிச். ஒயர் போகும் பட்டியை அந்தத் தையலில் போட்டு, இழுக்க வேண்டிய நுனியை வாஷ்கேர் லேபிள் பக்கத்தில் விடுங்கள். பேட்டரிக்கு உள்பாக்கெட், பிரஸ் பட்டன். தண்ணீர் போகாமலிருக்க பேட்டரியைத் தனிக்கூட்டில் மூடுங்கள், துணியோடு சேர்த்து ஒட்டாதீர்கள். குழந்தைகள் உடுப்பு என்றால் கூட்டுக்கு ஸ்க்ரூ கட்டாயம். பட்டன் செல்லை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடலாம்.

அப்புறம் ஒன்று. தைக்கும்போது ஊசி உடைந்தால் என்ன செய்கிறீர்கள்? எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மிஷின் ஓடாது, துண்டுகளை ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. பையர் கேட்டதால் வந்த பழக்கம்தான், இப்போது யாரும் சொல்லாமலே நடக்கிறது. அதே ரிஜிஸ்டரில் பேட்டரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உள்ளே வந்தது எத்தனை, சட்டையில் போனது எத்தனை, கழிந்தது எத்தனை. கழிந்ததைத் தனி டப்பாவில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். எங்கள் மூட்டையில் போடாதீர்கள்.

அடுத்த விளக்குச் சட்டை ஆர்டர் வந்தால், சாம்பிள் ஓகே ஆவதற்கு முன்னால் ஒரு பீஸை எங்கள் குடோனுக்கு அனுப்பி வையுங்கள். பிரிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எங்கள் பெண்கள் கடிகாரம் பார்த்துச் சொல்வார்கள். காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வேஸ்ட் குடோன்காரன், திருப்பூர்