பிரித்தால் செல்லாத உறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு வேலை விசா தாமதமாவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். தூதரகங்களைக் குறை சொல்வது சரி; ஆனால் அந்தத் தாமதத்தில் பாதி நேர்வது நாம் படித்த பல்கலைக்கழகத்தில்தான். பட்டச் சான்றிதழ் கையில் இருந்தாலும், பாடவாரியாக மதிப்பெண் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைப் பல இடங்களில் தனியாகக் கேட்கிறார்கள். அதுவும் பதிவாளர் அலுவலகம் ஒட்டி, ஒட்டிய விளிம்பின் மேல் முத்திரை குத்திய உறையில் வர வேண்டும். ஆறு வாரம் காத்திருந்து வாங்கிய உறையை, பெயரில் எழுத்துப்பிழை இருக்குமோ என்ற பயத்தில் நான் பிரித்துவிட்டேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. உறைதான் செல்லாமல் போனது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

சான்றிதழுக்காகத் தூதரகப் படியேறும் அலைச்சலை 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் அப்போஸ்டில் முறை, அதாவது ஆவணம் தந்த நாடே இணைக்கும் ஒரே அத்தாட்சியை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் முறை, பெரிதும் குறைத்தது. சீனாவிலும் 2023 நவம்பரிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் பசை காயக் காத்திருக்கிறது. மின்னணுக் கையொப்பமிட்டு, வேலை தரும் பள்ளிக்கே பல்கலைக்கழகங்கள் நேரடியாக அனுப்பலாம். அதுவரை, உறைக்குள் இருப்பதன் நகல் ஒன்றை விண்ணப்பதாரர் கையிலும் கொடுக்கட்டும்.

— ஒரு வாசகர்