மலை விளிம்பில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, மலை விளிம்பை ஒட்டி நடந்துவிட்டுப் போன பெண்கள் நாங்கள். எங்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்கு வேடிக்கை பார்க்கிற வியாதி. இந்த இரண்டும் சேர்ந்தால் நடை என்ன வேகத்தில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று முழுக்க ஒருவர்கூட எங்களை "சீக்கிரம் வாங்கம்மா" என்று விரட்டவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் பஸ் கண்டக்டர் தம்பிக்கு. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. எங்க அத்தை பாதி வழியிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிட்டார். பதினான்காவது வளைவின் பலகையைப் பார்த்து "இன்னும் ஆறே ஆறுதான் ஆயா" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. மேலே போனதும் டிரைவர் அண்ணன் எல்லோரும் இறங்கும்வரை பொறுமையாக நிறுத்தி வைத்திருந்தார். அவருக்கும் நன்றி.

மலை விளிம்பில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைக்குப் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி போடுகிற அண்ணனுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வெள்ளைக்கார அம்மா ஒருவர் சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே வந்து உட்காருவாராம், பேர் அப்படித்தான் வந்தது என்றீர்கள். "அந்தம்மா வூட்டுல ராத்திரிச் சோறு யாரு ஆக்குனா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. பிறந்ததிலிருந்து அண்ணாந்தே பார்த்த மலையில் நின்று ஊரைக் குனிந்து பார்த்தால் எது எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை. மாக்னசைட் என்கிற வெள்ளைக் கனிமம் வெட்டியெடுத்த வெள்ளைத் திட்டைக் காட்டி, அதை வைத்து ஒவ்வொரு இடமாக அடையாளம் சொன்னீர்கள். மேற்கே தூரத்தில் வெள்ளியாக ஒரு கீற்று தெரிந்தது. மேட்டூர்த் தண்ணீர் என்று பாதிப் பேர், பனி என்று பாதிப் பேர். "பனின்னா நகரும், தண்ணி நகராது. பஜ்ஜி வேகற வரைக்கும் பாத்துட்டே இருங்க" என்றீர்கள். பஜ்ஜி சிவந்து வந்தது, கீற்று இருந்த இடத்திலேயே இருந்தது. மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934-இல். அது தன் அப்பா பிறந்த வருடம் என்று அத்தை அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னார்.

பகோடா பாயின்ட் என்கிற இன்னொரு காட்சிமுனைக்குப் போகிற வழியில் அத்தையின் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா, நாங்கள் கூப்பிடாமலே வேலியோரம் வந்தீர்கள். இடுப்புப் பையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம். சாக்கு தைக்கிற கோணி ஊசியை வாங்கி வந்து, சணலை இரட்டையாகக் கோத்து நாலே தையல்! முப்பது வருடம் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிய அத்தை அந்த முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. அவர் குறை சொல்லாத முடிச்சு அபூர்வம். காசு வேண்டாம் என்றீர்கள், தட்டைகளுக்கு நடுவே காயும் சட்னியும் வைத்த எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டை மட்டும் வாங்கிக்கொண்டு "காரம் ஏறுது" என்று சிரித்தீர்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கதையை மேஸ்திரி ஐயா ஆற அமரச் சொன்னார். உங்கள் வேலை நேரத்தை எடுத்துக்கொண்டோமே என்றுதான் இருந்தது.

பகோடா பாயின்டில் அடுக்கிய கற்குவியல்களையும் ராமர் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகையில் பனி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விளிம்பு எங்கே, பள்ளம் எங்கே என்றே தெரியவில்லை. அங்கே இருந்த கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் பைக்கை விட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கமாக வரிசையாக நடந்து, எங்களை உள்பக்கம் விட்டு, தார் ரோடு வரை கூட்டி வந்தீர்கள். செல்போன் விளக்கு பனியில் ஒரு முழத்துக்கு மேல் எட்டவில்லை. "கால் தடவித் தடவி வைங்க ஆயா, அவசரமில்ல" என்ற குரல்தான் வழி காட்டியது. பெற்றவர்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள்.

தூறல் விழுந்ததும் அத்தைக்குக் குடை பிடித்த தம்பி, பஸ் வந்த அவசரத்தில் அது எங்களோடேயே வந்துவிட்டது. வளைந்திருந்த கம்பியை அத்தை நிமிர்த்திவிட்டார். அதே கண்டக்டர் தம்பியிடம் கொடுத்தனுப்பி, பஜ்ஜிக் கடை அண்ணனிடம் சேர்த்தாயிற்று. நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து வந்த பெண்கள்