கணினி அறையின் பழைய விளையாட்டுகள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கணினி அறையில் சில கணக்கு விளையாட்டுகள் திறப்பதில்லை என்று பிள்ளைகள் வீட்டில் புலம்பியிருப்பார்கள். பழைய பிரவுசரோடு ஓடிய கணினிகளை மாற்றிவிட்டோம். புதியவற்றில், விளையாட்டு வர வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம்தான் தெரிகிறது. கணினியில் கோளாறு இல்லை. அந்த விளையாட்டுகளை ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயரையே பிரவுசர்கள் கைவிட்டுவிட்டன.

இது திடீரென்று நடந்ததல்ல. ஐபோன் தொடக்கத்திலிருந்தே ஃப்ளாஷை ஏற்கவில்லை. 2020 முடிவோடு நிறுத்திவிடுவோம் என்று, ஃப்ளாஷை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. பிரவுசர்களும் முதலில் "ஓட விடலாமா?" என்று கேட்டன, அப்புறம் தாமாகவே அணைத்து வைத்தன, கடைசியில் அடியோடு எடுத்துவிட்டன. 2021 ஜனவரி 12 முதல் அடோபியின் பிளேயரே ஃப்ளாஷ் கோப்புகளைத் தடுக்கத் தொடங்கியது. காரணம், ஃப்ளாஷில் பாதுகாப்பு ஓட்டைகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று. அது செய்த வேலையை இன்று பிரவுசருக்குள்ளேயே இருக்கும் எச்டிஎம்எல்5 என்ற தொழில்நுட்பம் தனியாக எதையும் நிறுவாமலே செய்கிறது.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. விளையாட்டைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்கு, "உங்கள் ஃப்ளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்" என்று ஒரு பெட்டி வரலாம். அது பார்க்க அசல் போலவே சிவப்பு நிறமும் 'எஃப்' எழுத்துமாக இருக்கும். நம்ப வேண்டாம். நிறுத்தப்பட்ட ஒன்றுக்குப் புதுப்பிப்பு எங்கிருந்து வரும்? வைரஸ் பரப்புகிறவர்களுக்கு இது பழகிய தந்திரம். வீட்டுக் கணினியில் ஃப்ளாஷ் இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள்; அடோபியே அதைத்தான் சொல்கிறது. விளையாட்டுக்காகப் பழைய பிரவுசரைத் தேடி நிறுவுவதும் வேண்டாம்.

நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் தளத்தில் பிள்ளைகள் செய்தவை போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். ஸ்கிராட்ச் 2019 ஜனவரியிலேயே ஃப்ளாஷை விட்டு வந்துவிட்டது. பழைய கோப்புகள் புதிய பதிப்பிலும் திறக்கும்.

மற்ற விளையாட்டுகளில் சிலவற்றை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம், ஃப்ளாஷ் கோப்புகளை ஃப்ளாஷ் இல்லாமலே ஓட்டும் ரஃபிள் என்ற மென்பொருளின் உதவியோடு பிரவுசரிலேயே ஓட வைத்திருக்கிறது. எல்லாமே சரியாக ஓடுவதில்லை, சில பாதியில் நின்றுவிடுகின்றன. உங்கள் பிள்ளை விரும்பி ஆடிய விளையாட்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். கிடைக்காவிட்டால், அதே பாடத்துக்கு இப்போது ஓடும் வேறொன்றைத் தேடித் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்