ஒரு கண்ணாடி, இரண்டு துவக்கு

டண்டினோங், மெல்பேர்ண்
ஜூன் 14

அன்புள்ள யோகன் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பிந்தியதற்குக் கோபிக்காதே. சின்னவளுக்குக் கார் பழக்குகிறேன். பக்கத்தில் இருந்து ஓட்ட வைக்க வேண்டிய 120 மணித்தியாலத்தில் 34 தான் முடிந்திருக்கிறது. மிச்சத்தையும் முடித்து எழும்பும்போது எனக்குத் தலைமயிர் இருக்குமோ தெரியாது. முருங்கை இந்தக் குளிரிலும் பட்டுப்போயிற்று. மூன்றாவது கன்று. இனி வைக்கப்போவதில்லை என்று போன வருடமும் சொன்னேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கையில் இருப்பது ஐந்நூறு டொலர். மரை மானுக்கு 308 ரவை போடுகிற டிக்கா துவக்கு, தோட்டத்து முயலுக்கும் நரிக்கும் 223 ரவை போடுகிற ஹோவா துவக்கு. இரண்டுக்குமாகக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி, அதுதான் ஸ்கோப், ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பூட்டலாமா என்று கேட்கிறாய். பூட்டலாம். நான் நாலு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த நாலு வருடத்தில் ஒரு பெரிய மடத்தனமும் செய்தேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன்: வருடத்துக்கு எத்தனை தரம் மாற்றுவாய்? குளிர்காலத்தில் மலையில் மரை, கோடையில் பேரிக்காய்த் தோட்டத்தில் முயல் என்றால் இரண்டு தரம்தான். அதற்கு ஒரு ஸ்கோப் தாராளம். சனிக்கிழமை முயல், ஞாயிற்றுக்கிழமை மரை என்று ஓடுகிற ஆளென்றால் வேண்டாம், மலிவாக இரண்டு வாங்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும், குறி சரிபார்க்கச் சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் குறைந்தது ஆறு ரவை போகும். ரவை விற்கிற விலைக்கு, மிச்சம் பிடிக்கிறேன் என்று தொடங்கி அதிலேயே கரைத்துவிடுவாய்.

223 கையில் இருக்கும்போது மரை குறுக்கே வந்தாலும் தொடாதே. விக்ரோரியாச் சட்டப்படி மரைக்கு ஆகக் குறைந்தது 270 ரவை வேண்டும், சன்னத்தின் நிறை 130 கிரெயின். சிறிய மான் வகைகளுக்குக்கூட 243 வேண்டும். அதனால் மலைக்குப் போகிற நாளில் ஸ்கோப் 308 மேல்தான் இருக்க வேண்டும். நித்திரைத் தூக்கத்தில் மாறிப் பூட்டிக்கொண்டு போகாதே.

என்ன ஸ்கோப்? 3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மில்லிமீற்றர் முன்கண்ணாடி; ஒரு அங்குலக் குழாய், வெறும் குறுக்குக் கோடு. லூபோல்ட் வி.எக்ஸ். ஃப்ரீடம், வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, பரிஸ் ஃபுல்ஃபீல்ட் மூன்றையும் கடையில் கையில் எடுத்துப் பார். லூபோல்ட் 350 கிராம்கூட இல்லை, மலையேறும்போது அந்த இலேசு தெரியும். வோர்டெக்ஸ் கொஞ்சம் பாரம், ஆனால் காசு குறைவு. நான் வைத்திருந்தது வோர்டெக்ஸ், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைக்காரன் கோட்டுக்குக் கீழே குட்டிக் குட்டிப் புள்ளி வைத்த ஒன்றைக் காட்டி, தூரத்துச் சூட்டுக்கு இதுதான் என்பான். வேண்டாம். அந்தப் புள்ளி ஒரு ரவைக்குச் சரிவந்தால் மற்றதற்குப் பொய் சொல்லும். உனக்கு அது தேவையும் இல்லை. இரண்டையும் 100 யார் (கெஜம்) தூரத்தில் சீரோ பண்ணினால், அதாவது கோடு காட்டுகிற இடத்திலேயே ரவை படும்படி திருத்தினால், 200 யாரில் 308 நாலு அங்குலம்போலக் கீழே விழும், 223 மூன்று அங்குலம்போல. அந்த ஒரு அங்குலத்துக்காகப் புள்ளி எண்ணிக்கொண்டிருக்க ஏலாது.

முன்கண்ணாடி பெரிதானால் இருட்டில் நன்றாகத் தெரியும் என்று 50, 56 மில்லிமீற்றர் என்று ஏறாதே. 40ஐ நீ வைத்திருக்கிற பெருக்கத்தால் பிரித்துப் பார். 6இல் வைத்தால் கண்ணுக்கு வருகிற வெளிச்ச வட்டம் கிட்டத்தட்ட 6.7 மில்லிமீற்றர். எங்களுடைய வயதுக் கண்மணி அவ்வளவு விரியவே விரியாது. எனக்கு 54, உனக்கு இரண்டு கூட. சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்னும் பட்டு அரை மணிக்குப் பின்னும் சுடவும் கூடாது. அந்த வெளிச்சத்துக்கு 40 போதும். சிறிய கண்ணாடி என்றால் தாழ்வாகப் பூட்டலாம், கன்னம் பிடங்கில் வடிவாகப் படியும்.

இனி ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையமும், துவக்கின் மேல் அந்த வளையம் உட்காருகிற ரெயிலும். ஐந்நூறில் 350ஐக் கண்ணாடிக்கு வை, 150ஐ இதற்கு வை. ஆட்கள் மறுபக்கமாகச் செய்துவிட்டு, ஸ்கோப் நிலைகொள்ளவில்லை என்று அழுவார்கள். இரண்டு துவக்கிலும் ஒரே மாதிரிப் பிகாட்டினி ரெயில், குறுக்கே வெட்டு வெட்டாக இருக்கிற வகை, வேண்டும். ஒன்றில் வீவர், ஒன்றில் பிகாட்டினி என்று கலக்காதே. வீவர் வெட்டு 4.6 மில்லிமீற்றர் அகலம், பிகாட்டினி 5.2. வீவர் வளையம் பிகாட்டினியில் உட்காரும், ஆனால் உள்ளே ஆடும். ஸ்கோப் எப்போதும் தன் வளையத்திலேயே இருக்கட்டும். வளையத்தை மட்டும் ரெயிலிலிருந்து கழற்றிப் பூட்டு. எந்த வெட்டில் இருந்ததோ அதே வெட்டில் வைத்து, இறுக்குமுன் குழல் பக்கமாக முன்னே தள்ளிப் பிடி. துவக்கு பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது ரெயிலில் முன்னுக்குத்தான் வழுக்கும். முன்னாலேயே முட்டிக்கொண்டிருந்தால் அது போக இடமில்லை. வளைய மூடி ஸ்குருவைக் கைப்பலத்துக்கு முறுக்காதே, 15 முதல் 18 அங்குல இறாத்தல் போதும். அளவு காட்டுகிற திருப்புளி என்னிடம் இருக்கிறது.

இப்போது என் மடத்தனம். என் 223ஐ நான் இரண்டாம் கையாக வாங்கினேன். அதில் சரிவு ரெயில் பூட்டியிருந்தது, தூரச் சூட்டுக்காரர் போடுகிற 20 எம்.ஓ.ஏ. சரிவு (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று). 308இல் மட்டமான ரெயில். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்கோப்பின் உயரத் திருகை 76 கிளிக் திருப்ப வேண்டும். மறக்காமல் இருக்க 308இன் பிடங்கில் மாஸ்கிங் ரேப் ஒட்டி ‘மே 76’, அதாவது மேலே 76, என்று தமிழில் எழுதிவைத்தேன். ரேஞ்சில் நின்ற கிழவர் அதைப் பார்த்து, மந்திரமா என்று கேட்டார்.

ஒரு ஓகஸ்ட் மாதம் டார்கோ மலைப் பக்கம் போக, விடிய இரண்டு மணிக்குக் குசினி மேசையில் வைத்து மாற்றினேன். அந்தத் திருகு ஒரு சுற்றுக்கு 60 கிளிக். 76 என்றால் ஒரு முழுச் சுற்றும் மேலே 16ம். நான் இலக்கத்தைப் பார்த்துத் திருப்பினேன், 16இல் வந்து நின்றது, மூடியைப் போட்டேன். முழுச் சுற்றை விட்டுவிட்டேன். இலக்கம் சரியாகத்தானே இருந்தது!

காலை ஏழரை இருக்கும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மரை, 80 மீற்றர், பக்கவாட்டில், காதை மட்டும் திருப்பிக்கொண்டு. மூச்சைப் பிடித்துச் சுட்டேன். வயிற்றுக்குக் கீழே மண் தெறித்தது. அது ஒரு முறை ஊதிவிட்டு, அவசரப்படாமல் பன்னத்துக்குள் போயிற்று. இரண்டு மணித்தியாலம் தவழ்ந்து தேடினேன், இரத்தமும் இல்லை, மயிரும் இல்லை. அடுத்த கிழமை ரேஞ்சில் 100 மீற்றரில் பார்த்தால் ஓட்டை 44 சென்ரிமீற்றர் கீழே. ஒரு கிளிக் அந்தத் தூரத்தில் 7.3 மில்லிமீற்றர். நான் விட்ட 60 கிளிக்கால் பெருக்கிப் பார்.

கீழே போனதால் தப்பினேன். ஒரு சாண் மேலே போயிருந்தால் வயிற்றில் பட்டு, அது எங்கேயோ போய் இரண்டு நாள் கிடந்து செத்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. உன் மாமா இடியன் வைத்திருந்த காலத்தில் ஒரு வெடிதான், திரும்ப மருந்து இடிக்க நேரம் இல்லை, அதனால் முப்பது அடிக்குள் போகாமல் சுடவே மாட்டார். எனக்கு ஸ்கோப் இருக்கிற துணிவு.

பிறகு 223இன் சரிவு ரெயிலைக் கழற்றிவிட்டு மட்டமானதைப் போட்டேன். வித்தியாசம் மேலே 7, வலது 4 கிளிக்காகக் குறைந்தது. மறந்தாலும் 100 மீற்றரில் ஐந்தாறு சென்ரிமீற்றர்தான் தவறும். உன் ஹோவாவில் என்ன ரெயில் இருக்கிறது என்று வாங்குமுன் பார், பக்கத்தில் 20 என்று பொறித்திருக்கும். எத்தனை கிளிக் என்று எழுதும்போது சுற்றையும் சேர்த்து எழுது. மாற்றிய பிறகு மூன்று ரவையாவது சுட்டுப் பார்க்காமல் மலைக்குப் போகாதே. கழற்றிப் பூட்டினாலும் சீரோ மாறாது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சரி.

ஸ்கோப்பில் கண் பார்க்கிற முனையில் ஒரு வளையம் சுழலும். கோடு கூர்மையாகத் தெரிகிறதா என்று உன் கண்ணுக்கு, நீ போடுகிற மூக்குக்கண்ணாடியோடு சரிசெய்து விட்டுவிடு. என் மகன் ஒரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டு அதைத் திருகிவைத்தான். ஒரு பின்னேரம் முழுக்க எனக்குக் கண் வருத்தம் என்றே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இந்த மரை இங்கே வந்த கதை உனக்குத் தெரியுமோ? 1860களில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டது, இலங்கையிலிருந்து வந்தவையும் அதில் உண்டு. இந்த ஊர்க்காரன் ‘சாம்பார்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு முருங்கைக்காய்தான் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு அது மரைதான். ஊரில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட வற்றல் வாசனை உனக்கும் ஞாபகம் இருக்கும். இங்கே நான் ஓவனில் காயவைத்தேன், மனிசி இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஜூலை முதல் கிழமை எனக்கு லீவு. ஸ்கோப்பை வாங்கிக்கொண்டு இரண்டு துவக்கோடும் வா, போல்ற்றைக் கழற்றித் தனியாக வைத்துக் கொண்டுவா. திருப்புளியும் மாஸ்கிங் ரேப்பும் நான் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி ரவை, நீ சுடப்போகிற அதே வகையில். வருகிற வழியில் ஒரு பெட்டி பேரிக்காயும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
குணம்