ஒரு பருவமாவது தங்குபவர்களை அனுப்புங்கள்

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பத்து நாள் தங்கும் புதிய குழு ஒன்று வரும் திங்கட்கிழமை எங்கள் மாலைநேர வகுப்புக்கு வந்து சேரும் என்று உங்களில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. வரலாமா என்று அதில் கேட்கவில்லை. வரவேற்பு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும் நேரம் இது என்பதும், பள்ளி விட்டபின் வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் நம்பியிருக்கும் வகுப்பு இது என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆகவே நேரே கோரிக்கைக்கு வருகிறேன்: ஒரு பள்ளிப் பருவத்துக்குக் குறைவாகத் தங்குபவர்களைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அனுப்பாதீர்கள்.

காரணம் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் நோட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘என்னைப் பற்றி’ என்று தலைப்பிட்டு, பெயர், வயது, பிடித்த நிறம், பிடித்த விலங்கு எல்லாம் எழுதி, ஓரத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருக்கிறாள். சில பக்கங்கள் தள்ளி, வேறொருவர் கையெழுத்தில் அதே தலைப்பும் அதே கேள்விகளும். இன்னும் சில பக்கங்கள் தள்ளி மறுபடியும் அதே. இடையில் பிடித்த நிறம் நீலத்திலிருந்து மஞ்சளாகியிருக்கிறது. கணக்குப் பாடம் அந்த அளவுக்குக்கூட நகரவில்லை. வகுத்தலை ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். மீதி வரும் கணக்குகளை எட்டுவதற்குள் தொடங்கியவர் விமானம் ஏறிவிட்டார். எங்கே நிறுத்தினோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போகும்படி அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக வந்தவர் அந்தச் சிறுமியிடம் அவள் பெயரைக் கேட்டபோது, அவள் வாய் திறக்காமல் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வந்தவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. பெரும்பாலோர் நல்ல மனத்தோடு, கைக்காசைச் செலவழித்து வரும் இளைஞர்கள். அவர்களை எத்தனை நாளுக்கு, என்ன பயிற்சியோடு அனுப்புவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. வேறு வழியில்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. 1961இல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான அமைதிப் படை (பீஸ் கோர்), தன் தன்னார்வலர்களுக்கு ஏறத்தாழ 3 மாதம் மொழியும் பணியும் கற்பித்த பிறகே வழக்கமான 2 ஆண்டுப் பணியில் அமர்த்துகிறது. ஜப்பான் 1965 முதல் அனுப்பிவரும் தன்னார்வலர்களின் வழக்கமான பணிக்காலமும் 2 ஆண்டுகள்தான். நாங்கள் கேட்பது ஒரு பருவம்.

ஆனால் பத்தே நாளில் ஒரு குழந்தையின் வாழ்வை மாற்றிவிடலாம் என்றல்லவா உங்கள் விளம்பரங்கள் அழைக்கின்றன! அந்த வித்தையை எங்கள் ஆசிரியர்களுக்கும் கற்றுத் தந்தால், ஆண்டு முழுவதும் சொற்ப ஊதியத்துக்கு இங்கே பாடம் நடத்தும் அவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தன்னார்வலரிடம் வாங்கும் கட்டணத்தில் எவ்வளவு அந்த ஆசிரியர்களுக்கு வந்து சேருகிறது என்று கேட்டால், இன்றுவரை பதில் இல்லை. அந்த விளம்பரங்களில் சிரிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கினீர்களா என்ற கேள்விக்கும் அதே மௌனம்தான். குழந்தையின் தனிவாழ்வில் முறையின்றித் தலையிடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 16ஆவது பிரிவில் சொல்கிறது என்பதை நினைவூட்டி வைக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் முன்பின் தெரியாத ஒருவரைக் காவல்துறைச் சான்று இல்லாமல் வகுப்பறைக்குள் விடுவீர்களா? இங்கே மட்டும் கடவுச்சீட்டின் நகலே போதுமென்று யார் முடிவு செய்தது?

பணத்தையும் படத்தையும் பற்றித் தனியே எழுதுகிறேன். இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான்: ஒரு பருவமாவது தங்க முடிந்தவர்களை, காவல்துறைச் சான்றோடும் பிள்ளைகளின் மொழியில் அடிப்படைப் பழக்கத்தோடும் அனுப்புங்கள்; கிளம்புமுன் அடுத்தவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதவர்களை நாங்கள் வேண்டாமென்று தள்ளவில்லை. பயிற்சித் தாள்கள் தயாரிக்கவும், நூலகத்தை அடுக்கவும், கணக்கு வழக்கைச் சரிபார்க்கவும், எங்கள் ஆசிரியர்கள் கேட்கும் உதவியைச் செய்யவும் வேலை நிறையவே இருக்கிறது; அவற்றில் புகைப்படத்துக்கு வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வரவிருக்கும் குழுவின் பயணத்தைத் தேர்வு முடியும்வரை தள்ளிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயணம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது என்றால், அவர்களுக்கு வகுப்பறைக்கு வெளியே என்ன வேலை தரலாம் என்று பேச நாங்கள் தயார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள். பெற்றோருக்கு நாங்கள் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மாலைநேர வகுப்பின் ஒருங்கிணைப்பாளர்